முப்பத்திரண்டாம் வருஷத்து வாஷர்

திருவண்ணாமலை செங்கம் ரோட்டில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்த விருசபதாசன் நயினாரிடம் பதினாலு சைக்கிளும் இருபத்து மூன்று ஜப்பான் காசும் இருந்தன. சைக்கிள் பதினாலோடு நின்றதற்குக் காரணம் கையிருப்பு. காசு இருபத்து மூன்றோடு நின்றதற்குக் காரணம் குணமதி.

குணமதி அவருடைய மனைவி. தலைமுறை தலைமுறையாக இந்தப் பக்கத்திலேயே வேரோடிய சமணக் குடும்பம். பொழுது சாய்வதற்குள் சாப்பாட்டை முடித்துவிட வேண்டும், எறும்பைப் பார்த்தால் சைக்கிளைத் தூக்கித் தள்ளி வைக்க வேண்டும் என்பதெல்லாம் கடையிலும் நடந்த சட்டம். மிகுபொருள் விரும்பாமை என்று ஒரு விரதம் அவர்களுக்கு உண்டு. எந்தப் பொருளாக இருந்தாலும் இவ்வளவுதான் வைத்துக்கொள்வேன் என்று தானே ஒரு வரம்பு கட்டிக்கொண்டு, அதைத் தாண்டாமல் இருப்பது. 1974-ல் போளூர்ப் பக்கம் திருமலைக் கோயிலுக்குப் போயிருந்தபோது, படியேறிக்கொண்டிருந்த குணமதி மூச்சு வாங்க நின்று, ஆகாயத்தைப் பார்த்துக் கேட்பதுபோல் கேட்டாள்.

"புடவைக்கு நான் வரம்பு கட்டினேன். பாத்திரத்துக்குக் கட்டினேன். உங்க செல்லாக் காசுக்கு இன்னா வரம்புங்க?"

அப்போது அவரிடம் இருந்தது ஒன்பது காசு. தன் ஆயுளுக்கும் எட்டாத ஓர் எண்ணைச் சொல்லித் தப்பித்துவிடலாம் என்று கணக்குப் போட்ட விருசபதாசன், முகத்தில் பக்தியை வரவழைத்துக்கொண்டு, "இருபத்து நாலு. தீர்த்தங்கரருங்க எத்தினி பேரோ அத்தினி," என்றார். கோயில் வாசலில் சொன்னது. மாற்ற முடியாது. ஐந்தே வருஷத்தில் அந்த எட்டாத எண் கழுத்தருகே வந்து நின்றது.

இந்த ஆசை அவரைப் பிடித்தது எப்படி என்றால், 1972-ல் ஒகுமுரா என்ற ஜப்பான்காரர் ஆசிரமத்தில் தங்கி ஒரு மாதம் மலை சுற்ற வந்தார். பள்ளிக்கூட வாத்தியார். தினம் காலையில் வந்து ஏழாம் நம்பர் சைக்கிளையே கேட்பார். மற்ற பதிமூன்றும் சும்மா நின்றாலும் ஏழுதான். ஒருநாள் ஏழாம் நம்பரை வேறு ஆள் எடுத்துப் போய்விட்டான் என்று தெரிந்ததும், அது திரும்பி வரும்வரை கடை பெஞ்சிலேயே இரண்டரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். எப்பேர்ப்பட்ட வாடிக்கையாளர் என்று விருசபதாசனுக்கு மனசு உருகிவிட்டது. ஊருக்குக் கிளம்பும் அன்று ஒகுமுரா ஒரு கைக்குட்டையில் சில காசுகளை முடிந்து, இரண்டு கையாலும் நீட்டி, இடுப்பு வரை குனிந்து கொடுத்தார். விருசபதாசனும் இரண்டு கையாலும் வாங்கி, தன் தொந்தி அனுமதித்த அளவுக்குக் குனிந்தார். அன்பாகக் கொடுத்ததை எண்ணிப் பார்ப்பது மரியாதை இல்லை என்பதால் எண்ணவில்லை. முடிச்சை அப்படியே ஸ்பேனர் டப்பாவுக்குள் வைத்தார்.

இந்த மரியாதைதான் பின்னால் ஏழு வருஷம் அவரைத் தூங்கவிடாமல் செய்தது என்று சொன்னால் அது மிகை. கடைசி ஏழு மாதம்தான் தூங்கவில்லை.

அடுத்த வருஷம் ஒகுமுராவிடமிருந்து கடிதம் வந்தது. பொடி எழுத்தில், இலக்கணப் பிழையே இல்லாத இங்கிலீஷ். விருசபதாசன் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவர். இரண்டு நாளில் படித்து முடித்தார். காசில் வருஷத்தை எப்படிப் படிப்பது என்று அதில் படம் போட்டிருந்தது. ஒரு கோடு ஒன்று, இரண்டு கோடு இரண்டு, மூன்று கோடு மூன்று, கூட்டல் குறி மாதிரி இருந்தால் பத்து. வருவது அவர்களுடைய ராஜா ஆண்ட வருஷம். அதோடு இருபத்தைந்தைக் கூட்டினால் நம்முடைய ஐம்பது, அறுபது எல்லாம் கிடைத்துவிடும். மூன்று கோடு, கூட்டல், இரண்டு கோடு என்றால் முப்பத்திரண்டு. அதாவது 1957.

கைக்குட்டையைப் பிரித்து ஆறு காசையும் படித்துப் பார்த்தார். படிக்க முடிந்தது. அவ்வளவுதான், ஆள் அதிலேயே விழுந்துவிட்டார்.

ஊரில் விஷயம் பரவிற்று. கூட்ட நேரத்தில் பூக்கடையிலும் டீக்கடையிலும் யாராவது தள்ளிவிட்டுப் போன வெளிநாட்டுச் செல்லாக் காசெல்லாம் கடை தேடி வந்தது. "நைனாரே, உங்க ஆளு வந்திருக்காரு," என்று சொல்லிப் போடுவார்கள். முக்கால்வாசி மலேயா, சிலோன். அவற்றை மலை சுற்றும் பாதையில் உள்ள பிள்ளைகளுக்கு விளையாடக் கொடுத்துவிடுவார். ஜப்பான் என்றால் மட்டும் கண் மாறும். பத்து யென் செப்புக் காசின் ஓரத்தில் கட்டைவிரல் நகத்தை ஓட்டுவார். ரிம்மில் கோணல் இருக்கிறதா என்று முப்பது வருஷம் தடவிப் பார்த்த விரல் அது. ஓரத்தில் பல் வெட்டியிருந்தால் பழசு. வழவழப்பாக இருந்தால் 1959-க்கு அப்புறம் வந்தது. பல் இருப்பதிலும் முப்பத்து மூன்றாம் வருஷம் அருமை. ஐந்து யென் என்பது நடுவில் ஓட்டை போட்ட பித்தளை. அதில் பழைய எழுத்து தூரிகையால் தீட்டியதுபோல வளையும், புது எழுத்து போர்டு பெயிண்டர் ஸ்கேல் வைத்து எழுதியதுபோல விறைப்பாக நிற்கும். பழைய எழுத்திலும் முப்பத்திரண்டாம் வருஷம்தான் கிடைக்காத சரக்கு. அந்த வருஷம் ஒரே ஒரு கோடிதான் அடித்தார்களாம்.

"ஒரு கோடி கம்மியாங்க?" என்றாள் குணமதி.

"மத்த வருஷத்தோட பாத்தா கம்மிதான்."

"நம்ம ஜில்லாவுல அத்தினி பேரு கெடையாது. ஆளுக்கு ஒண்ணு குடுத்தாலும் மீதி நிக்கும். அது இவருக்குக் கம்மி!"

எல்லாத் துறையிலும் போலவே இதிலும் விருசபதாசன் சில சாதனைகள் புரிந்தார். முப்பத்தொன்றாம் வருஷத்துப் பத்து யென் ஒன்று கிடைத்தால் வரிசை நிறையுமே என்று மூன்று வருஷம் தேடினார். அந்த வருஷம் பத்து யென்னே அடிக்கவில்லை என்று ஒகுமுரா எழுதிய பிறகு நிறுத்திக்கொண்டார். இல்லாத ஒன்றை மூன்று வருஷம் விடாமல் தேடியவர்கள் இந்த ஊரில் நிறைய இருக்கிறார்கள். இல்லை என்று எழுத்து மூலம் பதில் வாங்கியவர் இவர் ஒருவர்தான். இன்னொரு தடவை, பெரியவர் கொடுத்ததாயிற்றே என்று எல்லாக் காசையும் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கி, அதைப் பெருமையாக, புளிக்கு இங்கிலீஷ் தெரியாததால் 'புளி' என்றே போட்டு, எழுதியும் அனுப்பினார். ஒகுமுரா எழுதிய பதிலில், 'அன்புள்ள' என்ற சொல்லுக்கும் 'தயவுசெய்து இனிமேல்' என்ற சொல்லுக்கும் நடுவே ஒன்றுமே இல்லை. அரைப் பக்கம் வெறுமையாக விட்டிருந்தார். பழைய நிறம்தான் காசுக்கு மதிப்பு, புளி போட்ட காசு தோல் உரித்த மனிதன் மாதிரி என்று அப்புறம் புரிந்தது.

இப்படியாக இருபத்து மூன்று சேர்ந்தது. இருபத்து நாலாவது இடத்தை முப்பத்திரண்டாம் வருஷத்து ஐந்து யென்னுக்காகக் காலியாக வைத்திருந்தார். அது வந்துவிட்டால் விரதம் நிறையும், வேட்டை முடியும்.

1979 மே மாதம் ஒரு கடிதம் வந்தது.

ஒகுமுரா டிசம்பரில் மறுபடி வருகிறார். அவருடைய மனைவி அந்த வசந்தத்தில் காலமாகிவிட்டாள். "நான் தங்களுக்குத் தந்த பதினொரு காசுகளில் ஒன்று முப்பத்திரண்டாம் வருஷத்தது. மீன் கடையில் மீதிச் சில்லறையில் என் மனைவி கண்டெடுத்தது. அங்கே அன்பான மனிதர் யாராவது கிடைத்தால் கொடுங்கள் என்று நான் கிளம்பும்போது அவள்தான் எடுத்து வைத்தாள். வரும்போது அதை ஒரு தரம் பார்க்க விரும்புகிறேன்."

விருசபதாசன் கடிதத்தை மடித்தார். பிரித்தார். பதினொன்று என்றுதான் இருந்தது. அவருக்குக் கிடைத்தது ஆறு. ஆறு வருஷமாக ஊரெல்லாம் தேடிய காசு, அவருடைய ஸ்பேனர் டப்பாவிலேயே இருந்திருக்கிறது. டப்பாவைத் திறக்கும் கை உலகத்தில் இரண்டே. ஒன்று அவருடையது.

"வேடியப்பா!"

கடையின் மெக்கானிக் வேடியப்பன், கவிழ்த்து நிறுத்திய சைக்கிளின் செயினிலிருந்து தலையைத் தூக்கினான். நாற்பது வயசு. பஞ்சர் ஒட்டுவதில் அந்த ரோட்டிலேயே அவனுக்கு இணை கிடையாது.

"அந்த ஜப்பான்காரரு குடுத்த கைக்குட்டைல இருந்து ஏதாவது எடுத்தியா?"

"எடுக்கலியே மொதலாளி. வாஷர் மட்டுந்தான் எடுத்தேன்."

"இன்னா வாஷர்?"

"அவரு வந்துட்டுப் போன வருஷம் தீபத்தப்போ வாஷர் தீந்துபோச்சு இல்ல? கூட்டம் ஜாஸ்தி, கடை எல்லாம் மூடிட்டான். மட்கார்டு எல்லாம் கடகடன்னு ஆடுது. பாத்தேன், மூட்டைல அஞ்சு வாஷர் இருந்துச்சு, பித்தளைல. நம்ம ஊரு வாஷர் மாதிரி இல்லாம, தங்கம் மாதிரி."

"அது காசுடா!"

"காசா? நடுவுல ஓட்டை, ஓட்டையச் சுத்திப் பல்சக்கரம் போட்டிருக்கு மொதலாளி. சைக்கிளுக்குன்னே செஞ்சி அனுப்பிச்சிருக்காங்கன்னு இல்ல நெனச்சேன். போல்ட்டு வேற அளவா ஒக்காந்துச்சு. நீங்களே வந்து ஆட்டிப் பாத்து, பரவாயில்லியே, சத்தம் இல்லியேன்னு சொன்னீங்க."

சொல்லியிருந்தார். அது ஞாபகம் வந்ததால்தான் மேற்கொண்டு திட்ட முடியவில்லை. அந்தக் காசில் ஓட்டையைச் சுற்றிப் பல்சக்கரம் இருப்பதும் நிஜம்தான். ஜப்பான்காரன் தொழில் வளரட்டும் என்று போட்டிருந்தான். வேடியப்பன் அந்தக் கருத்தை அப்படியே ஏற்று நடந்திருந்தான்.

அன்று கடைக்கு லீவு. பதினாலு சைக்கிளையும் வரிசையாகப் படுக்க வைத்து ஒவ்வொரு மட்கார்டாகப் பார்த்தார்கள். இரண்டாம் நம்பர், ஆறு, ஒன்பது, பதினொன்று. நாலு காசு இருந்தது. ஈரத்துணியால் துடைத்துப் படித்தார். இருபத்தாறு, இருபத்தேழு, இருபத்தெட்டு, மறுபடி இருபத்தெட்டு. எடுத்தால் கணக்கு இருபத்தேழு ஆகிவிடும் என்பதால் ஒரு சட்டப் பிரச்சினை எழுந்தது. குணமதியிடம் கேட்டார்.

"மட்கார்டுல முடுக்கினது காசா, சாமானா?"

"சாமான்," என்றாள், வெங்காயமில்லாத சாம்பாரைக் கிளறியபடி. "சைக்கிளோட சேர்ந்தது. கணக்குல வராது."

போல்ட்டைத் திரும்பவும் முடுக்கினார்கள். ஐந்தாவது காசு, முப்பத்திரண்டு, ஏழாம் நம்பரில் போயிருக்க வேண்டும். ஒகுமுராவின் ஏழாம் நம்பர். அதை 1975-ல் கீழ்பென்னாத்தூர் பால்காரர் சகாதேவனுக்கு விற்றாயிற்று. அதனால்தான் இப்போது வரிசையில் ஏழு என்ற எண் இல்லை, பதினைந்து வரை இருந்தது.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் விருசபதாசன் கீழ்பென்னாத்தூர் போனார். ஒகுமுரா கேட்டது என்ன பெரிய விஷயம், ஒரு தரம் பார்க்க வேண்டும் என்பதுதானே. ஆறு வருஷம் கடிதம் எழுதி, ஒன்றும் தெரியாதவனுக்குக் காசு படிக்கக் கற்றுக்கொடுத்த மனிதருக்கு, செத்துப்போன மனைவி எடுத்து வைத்த காசைக் காட்ட முடியாவிட்டால் எந்த முகத்தோடு எதிரில் நிற்பது? பஸ்ஸில் பக்கத்து ஆள் வேர்க்கடலை நீட்டினான். வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார், தின்னத் தோன்றவில்லை.

சகாதேவன் பால் ஊற்றப் போயிருந்தார். அவர் மனைவி பாஞ்சாலை வாசலில் கடலை காயவைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏழாம் நம்பரா? அது போயி ரெண்டு வருசம் ஆச்சுங்களே. எருமை முட்டி வளைஞ்சி போச்சு. பழைய இரும்புக்குப் போட்டுட்டாரு."

விருசபதாசன் காயவைத்த கடலையின் ஓரமாக உட்கார்ந்துவிட்டார். பாஞ்சாலை பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

"இன்னாங்க நைனாரே, வித்த சைக்கிளுக்கா இப்பிடி ஆயிட்டீங்க?"

"அதுல மட்கார்டுல பித்தளை வாஷர் ஒண்ணு…"

"அட, அதுங்களா! நெல்லுக் கதிரு போட்டிருந்துச்சே? அதை நான் இரும்புக்காரன்கிட்ட குடுக்கல. நெல்லு லட்சுமி இல்ல? கழட்டி வெச்சிக்கினேன். உண்ணாமலை! ஏ உண்ணாமலை! இங்க வாடி."

வைக்கோல் போருக்குப் பின்னாலிருந்து மூன்று வயசுப் பெண் குழந்தை ஓடி வந்தது. கழுத்தில் கருப்புக் கயிறு. கயிற்றில் காசு. அவர் குனிந்ததும் குழந்தை காசைக் கையில் பொத்திக்கொண்டது. ஒரு பெரிய அதிகாரியிடம் மனு கொடுப்பதுபோல் விருசபதாசன் பையிலிருந்த வேர்க்கடலையை ஒவ்வொன்றாக நீட்டினார். பதினேழாவது கடலைக்குக் கை திறந்தது.

மூன்று கோடு. கூட்டல். இரண்டு கோடு. எழுத்து வளைந்திருந்தது. அது புளியால் தேய்த்துத் தேய்த்துத் தங்கம்போல மின்னியதைப் பார்த்துக்கூட அவருக்கு அப்போது வருத்தமில்லை.

"கைக்குழந்தையா இருந்தப்போ ஜொரம் வந்து வந்து போச்சுங்க," என்றாள் பாஞ்சாலை. "மாரியாத்தா கோயில்ல பூசாரி மந்திரிச்சிக் கயிறு கட்டினாரு. கயிறுல கோக்க ஒண்ணும் இல்ல. இதைக் கோத்தேன். அதுக்கப்புறம் ஒரு தும்மல் கெடையாது."

"ஒரே ஒரு நாள்… டிசம்பர்ல… கழட்டித் தர முடியுமா?"

பாஞ்சாலை தயங்கினாள். "ஆத்தா சன்னதில கட்டினதுங்க. தானா அறுந்து விழற வரைக்கும் நாம அவுக்கக் கூடாது. நேந்துக்கினது."

வேறு யாராவது இருந்தால் வாதாடியிருப்பார்கள். திருமலைப் படியில் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்ட ஒருவருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. "வேணாம்மா, அவுக்காதீங்க," என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

டிசம்பரில் ஒகுமுரா வந்தார். தலை முழுக்க வெளுத்திருந்தது. கடைக்கு வந்ததும் அவர் கண் ஏழாம் நம்பரைத் தேடியது. விருசபதாசன் சொல்ல வேண்டியதையெல்லாம் ஏழு மாதமாக இங்கிலீஷில் எழுதி மனப்பாடம் செய்து வைத்திருந்தார். முதல் வரியோடு மறந்துவிட்டது. "ப்ளீஸ் கம் பஸ்," என்று மட்டும் சொன்னார்.

கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் ஏறினார்கள். மனைவி கையால் எடுத்து வைத்த காசை மட்கார்டில் முடுக்கி, எருமையை முட்டவிட்டு, புளி போட்டு, கயிற்றில் கோத்து, குழந்தை கழுத்தில் கட்டியாயிற்று. இவ்வளவையும் ஒரு மனிதரிடம் எந்த வரிசையில் சொன்னால் கொஞ்சம் மரியாதையாக இருக்கும் என்று விருசபதாசன் வழியெல்லாம் யோசித்தார். எந்த வரிசையிலும் இல்லை.

உண்ணாமலை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். ஒகுமுரா மண்ணில் மண்டியிட்டுக் காசைப் படித்தார். ரொம்ப நேரம் படித்தார். பிறகு நிமிர்ந்து விருசபதாசனைப் பார்த்து, தமிழில் தனக்குத் தெரிந்த ஒரே கெட்ட வார்த்தையைக் கேட்டார்.

"புளி?"

"புளி," என்று ஒப்புக்கொண்டார் விருசபதாசன்.

ஒகுமுரா சிரித்துவிட்டார். அப்புறம் எழுந்து, பின்னுக்கு நகர்ந்து, அந்தக் குழந்தைக்கு முன்னால் இடுப்பு வரை குனிந்தார். அது விளையாட்டு என்று நினைத்து உண்ணாமலையும் குனிந்தாள். மரியாதைக்கு அவர் மறுபடி குனிந்தார். அவளும் குனிந்தாள். யார் முதலில் நிறுத்துவது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

"இன்னாங்க இவரு, கொயந்தையப் போயி கும்புடுறாரு?" என்று பாஞ்சாலை பதறினாள்.

ஒகுமுரா மெதுவாக இங்கிலீஷில் சொன்னார். விருசபதாசன் தமிழில் சொன்னார். "இவரு சம்சாரம் இந்தக் காசைப் பத்து வருஷம் பர்ஸுக்குள்ளயே பூட்டி வெச்சிருந்தாங்களாம். குழந்தை இல்லாத வீடு. இப்போ அது வெளிய வந்து விளையாடுதுன்னு சொல்றாரு. உங்களுக்கு நன்றி சொல்றாரு."

"எனக்கு எதுக்குங்க? நான் வாஷரைக் கழட்டினேன், அவ்ளோதான்."

அந்த வரிசையில் அடுத்து நன்றி பெற்றவன் வேடியப்பன். திரும்பும் வழியில் வாஷர் கதையைக் கேட்ட ஒகுமுரா, கடைக்கு வந்து அவனுடைய கிரீஸ் கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினார். அதற்கப்புறம் ஒரு வருஷத்துக்கு வேடியப்பனை வேலை வாங்க முடியவில்லை. பஞ்சர் ஒட்டச் சொன்னால், "ஜப்பான்ல என்னை மதிக்கிறான், தெரியுமில்ல?" என்பான்.

கதை இங்கே முடிந்திருந்தால் விருசபதாசன் ஒரு மகானாகவே இறுதிவரை இருந்திருப்பார். 1984-ல், பங்குனி வெயிலில், பாஞ்சாலை கடை வாசலில் வந்து இறங்கினாள். ஒரு கையில் கடலை மூட்டை, இடுப்பில் புதுசாக ஒரு கைக்குழந்தை.

"போன வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்துல கயிறு தானா அறுந்து விழுந்துருச்சுங்க. எட்டு வயசு ஆச்சில்ல. இந்தாங்க, உங்களுது."

முந்தானை முடிச்சிலிருந்து காசை எடுத்து வைத்தாள். விருசபதாசன் அதை வாங்கினார். இந்தத் தடவை எண்ணினார். ஒன்று. வீட்டுக்குள்ளிருந்து டப்பாவைக் கொண்டுவந்து, காலி இடத்தில் வைத்தார். இருபத்து நாலு. குணமதி எட்டிப் பார்த்து, "முடிஞ்சுதா?" என்றாள், பத்து வருஷத்து வெற்றி குரலில் தெரிய.

முடிந்துவிட்டது. நியாயமாக அவர் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் நாளைக்குப் பூக்கடைக்காரன் "நைனாரே, உங்க ஆளு வந்திருக்காரு" என்று சொன்னால் என்ன பதில் சொல்வது? இனி எதன் ஓரத்தில் நகத்தை ஓட்டுவது? இருக்கிற வயசு முழுவதும் ரிம்மை மட்டுமே தடவிக்கொண்டிருப்பதை நினைத்ததும் அவர் முகம் பஞ்சரான டியூப் மாதிரி இறங்கிற்று.

பாஞ்சாலை போகாமல் நின்றாள். "தப்பா நெனைக்காதீங்க நைனாரே. இதுக்கும் கயிறு கட்டணும். அந்த மாதிரி வாஷரு… வேற ஒண்ணு இருக்குங்களா?"

விருசபதாசன் டப்பாவை அவள் முன் திறந்து வைத்தார். அப்படித் திறக்கும்போதே உள்ளுக்குள் பதறினார் என்பதையும் இங்கே பதிவு செய்துவிட வேண்டும். பாஞ்சாலையின் விரல் முப்பத்து மூன்றாம் வருஷத்துப் பத்து யென்மேல் நின்றது. ஓட்டை இல்லை என்று தள்ளினாள். சற்று முன் தான் கொண்டுவந்து வைத்த முப்பத்திரண்டின் மேல் நின்றது.

"இது பெரியவளோடது," என்று சொல்லிக்கொண்டு நகர்ந்தாள். கடைசியில் நெல் கதிர் தெளிவாக இருக்கிறது என்று முப்பத்து நாலாம் வருஷத்து விறைத்த எழுத்து ஐந்து யென் ஒன்றை எடுத்துக்கொண்டாள். ஜப்பானில் டீக்கடையில் மீதிச் சில்லறையாகக் கொடுக்கும் சாதாரணக் காசு. அவள் கிளம்பிய பிறகும் பஸ் ஸ்டாண்ட் திரும்பும்வரை விருசபதாசன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். உலகத்தில் யாரும் யாருடைய முதுகையும் அவ்வளவு நன்றியோடு பார்த்திருக்க மாட்டார்கள்.

குணமதி டப்பாவை மறுபடி எண்ணினாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"இருபத்து மூணு."

"ஆமா," என்றார் விருசபதாசன். "ஒண்ணு கம்மி."

மத்தியானம் பூக்கடைக்காரன் தலையை நீட்டினான். "நைனாரே, ஒரு காசு வந்திருக்கு. சிலோனா ஜப்பானா தெரியல. வேணுமா, வேணாமா?"

விருசபதாசன் கட்டைவிரல் நகத்தைச் சட்டையில் துடைத்துக்கொண்டு எழுந்தார்.